மூணாவது கை

நவம்பர் 3, ஞாயிறு

ஜவுளிக்கடைக்காரங்க கொடுத்த டைரி. சிலிண்டருக்குச் சொன்ன தேதி, மோட்டார் ரிப்பேர் பண்ணின தேதி, இதுவரைக்கும் இவ்வளவுதான் இதுல எழுதினது. இன்னைக்கு ரெண்டு வரி கூட எழுதிக்கிறேன். யார்கிட்டயும் சொல்ற விஷயம் இல்ல இது.

காலையில சர்ச்சுல ஆராதனை முடிஞ்சதும் ஐயர், எங்க போதகர், விளம்பரம் வாசிச்சாரு. "நம்ம ஆலயத்துல முப்பத்தோரு வருஷமா ஆர்கன் வாசிக்கிற ஆசீர் தனசிங் அண்ணன் இந்த மாசத்தோட ஓய்வு பெறுறாங்க. டிசம்பர் ஏழாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழு ஒரு இசை மாலை நடத்துது. அன்னைக்கு அண்ணன் தனக்குப் பிடிச்ச ஒண்ணைத் தனியா பியானோவுல வாசிப்பாங்க." சபை கைதட்டுச்சு. கோயில்ல கைதட்டுறது எனக்குப் பிடிக்காது. இன்னைக்கு நானும் தட்டினேன்.

என் வீட்டுக்காரங்கதான் இந்த ஆசீர் தனசிங். முப்பத்தோரு வருஷமா மத்தவங்க பாட வாசிச்சவங்க. ஐயர் சுதியை இறக்கினா இவங்களும் இறக்குவாங்க, பெண்கள் சங்கம் இழுத்தா இவங்களும் இழுப்பாங்க. தனக்குன்னு ஒரு தடவைகூட அந்தக் கோயில்ல வாசிச்சதில்ல. வீட்டுக்கு வரும்போது மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. குடையைக் கையில வச்சுக்கிட்டே விரிக்காம நடந்தாங்க. "விரியுங்க, சளி பிடிக்கும்"னு நான்தான் கத்தினேன்.

என்ன வாசிக்கப் போறீங்கன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சு மனுஷி கண்ணசர்ற நேரம் பார்த்து, மூணு மணிக்கு, கல்யாணமான நாள்லேருந்து வாசிக்கிற, லிஸ்ட்டுங்கிற வெள்ளைக்காரர் எழுதின அதே பாட்டு. இன்னைக்கும் உக்காந்தாங்க. பாதியில நின்னுடுச்சு. இது நின்னதே கிடையாது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மழை ஈரம். கட்டையெல்லாம் இறுகிருக்கு."

ஈரம் அடிக்கக் கூடாதுன்னு பியானோ வயித்துக்குள்ள ஒரு குண்டு பல்பு மாட்டியிருக்கோம். மழைக்காலம் பூரா எரியணும். அதைப் போடுறது என் வேலை. போய்ப் பார்த்தேன், எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு.

நவம்பர் 5, செவ்வாய்

உளுந்து காயவே மாட்டேங்குது. வெயில் தலைகாட்டி நாலு நாளாச்சு.

மீட்டர் பார்க்க வந்த புதுப் பொண்ணு ஹால்ல இருக்கிற படத்தைப் பார்த்துட்டு, "இது எந்த மிஷனரிம்மா?"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் கேக்கிறதுதான். கறுப்பு அங்கி, தோள் வரைக்கும் வெள்ளை முடி, மூஞ்சி நிறைய மரு. அதுதான் லிஸ்ட். ஹங்கேரிக்காரர். வாலிபத்துல ஊர் ஊரா போய் வாசிச்சு, பொம்பளைங்க எல்லாம் அவர் கையுறைக்கு அடிச்சுக்கிட்டு, கடைசியில சாமியார் அங்கியைப் போட்டுக்கிட்டாராம். இவங்களுக்கு அவர்மேல அப்படி ஒரு பைத்தியம். இயேசுநாதர் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டியிருக்காங்க. நான் சண்டை போட்டுப் போட்டு ஒரு சாண் கீழே இறக்கினேன்.

இசை மாலைக்கு நான் பக்கம் திருப்பணுமாம். எப்பவும் நான்தான் திருப்புறது. எனக்கு அஞ்சு கோடு போட்டு எழுதுற அந்தச் சங்கீத எழுத்து வாசிக்கத் தெரியாது, பாடகர் குழுவுல நாங்க எல்லாரும் சோல்ஃபாதான். நம்ம ச, ரி, க மாதிரி டோ, ரே, மின்னு எழுதிக் கொடுத்தா எதையும் பாடுவோம். இவங்க தலையை ஆட்டுவாங்க, நான் திருப்புவேன். அவ்வளவுதான் என் சங்கீதம். அதுபோக குழுவுல நான் ஆல்டோ, பொம்பளைங்கள்ல கீழ்க்குரல். ஆல்டோக்காரிக்குப் பாட்டோட ராகம் எந்தக் காலத்துலயும் கிடைக்காது, அதை மேல்குரல் சோப்ரானோ கொண்டுபோயிடும். நாங்க கீழே நின்னு முட்டுக் கொடுக்கணும்.

நவம்பர் 8, வெள்ளி

ஊறுகாய் பாட்டிலைத் திறக்கச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கையில வச்சிருந்துட்டு, "நீயே திற"ன்னு வச்சுட்டுப் போயிட்டாங்க. நானே திறந்தேன்.

நவம்பர் 11, திங்கள்

கையைப் பிடிச்சு இழுக்காத குறையா எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். படம் எடுத்துப் பார்த்தாரு. வலது கட்டைவிரலோட அடி மூட்டு தேஞ்சு போச்சாம். இடதுலயும் ஆரம்பிச்சிருக்காம். வயசானா வர்றதுதான், பயப்பட ஒண்ணுமில்ல, கட்டைவிரலுக்கு வேலை கொடுக்காதீங்கன்னு ஒரு பட்டையைக் கட்டிவிட்டாரு.

"டிசம்பர் ஏழுல ஒரு நிகழ்ச்சி இருக்கு டாக்டர். பியானோ."

"தாராளமா வாசிங்க சார். கட்டைவிரலை மட்டும் விட்டுருங்க."

இவங்க சிரிச்சாங்க. "பாட்டே கட்டைவிரல்லதான் இருக்கு டாக்டர்."

பஸ்ஸுல வரும்போதுதான் எனக்கு விளக்கினாங்க. இத்தனை வருஷத்துல இப்போதான் நான் கேட்டேன், அதையும் சொல்லணும். அந்தப் பாட்டுல ராகம் மேலயும் இல்ல, கீழயும் இல்ல, நட்டநடுவுல இருக்காம். இடது கட்டைவிரலும் வலது கட்டைவிரலும் அதை மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டே போகுமாம். மத்த எட்டு விரலும் மேலயும் கீழயும் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டு இருக்கும்.

"கேக்கிறவனுக்கு மூணு கை வாசிக்கிற மாதிரி இருக்கும்ட்டி. லிஸ்ட் காலத்து ஆளுக செஞ்ச வித்தை. மூணாவது கை எங்கன இருக்குன்னு ஜனங்க எழுந்திருச்சு நின்னு எட்டிப் பார்ப்பாங்களாம்."

சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பட்டை கட்டின கையை மடியில வச்சிருந்தாங்க.

நவம்பர் 13, புதன்

ரேஷன் கடைக்குப் போயிட்டு வர்ற வழியில இம்மானுவேலைப் பார்த்தேன். பாடகர் குழுவை நடத்துற காயர் மாஸ்டர், நல்ல பையன், இவங்ககிட்டதான் கோயில் முறையெல்லாம் கத்துக்கிட்டான். விஷயத்தைச் சொன்னேன். "சாரை வாசிக்கச் சொல்லாதப்பா. அவங்களா முடியாதுன்னு வாயால சொல்ல மாட்டாங்க. சபைக்கு முன்னாடி பாதியில நின்னா எனக்குத் தாங்காது. நான் சொன்னேன்னு காட்டிக்காத."

"சரி ஆன்ட்டி. சாரை மேடையில உக்கார வச்சு மாலை போட்டுருவோம். நான் கீபோர்டுல ஏதாவது வாசிச்சுக்கிடுதேன்."

நல்லதுக்குத்தான் செஞ்சேன். தக்காளி நல்லா இல்ல.

நவம்பர் 17, ஞாயிறு

இன்னைக்கு ஐயர் விளம்பரத்தை மாத்தி வாசிச்சாரு. ஆசீர் தனசிங் அண்ணன் கௌரவிக்கப்படுவாங்க. வாசிப்பாங்கன்னு இல்ல. ஆர்கனுக்கு மேல மாட்டியிருக்கிற கண்ணாடியில இவங்க முகம் எனக்குத் தெரிஞ்சுது. கடைசிப் பாட்டை ஒரு தப்பில்லாம வாசிச்சாங்க.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் கேட்டாங்க. "நீதான சொன்ன?"

பொய் சொல்லலாம்னு பார்த்தேன். வாய் வரல. "ஆமா, நான்தான். பட்டையைக் கட்டிக்கிட்டு எல்லார் முன்னாடியும் தடுமாறணுமா? அதைப் பார்க்க என்னால முடியாது."

"தடுமாறினா நான்தான தடுமாறுதேன்? உனக்கென்ன வந்துச்சு?"

"எனக்கு வராம யாருக்கு வரும்?"

"முப்பத்தோரு வருஷம். ஒரே ஒரு நாள் கேட்டேன்." சத்தமே போடல. போட்டிருந்தா பதிலுக்கு நானும் போட்டிருப்பேன், தீர்ந்திருக்கும். பியானோ மூடியைச் சாத்திட்டு, குனிஞ்சு அந்தக் குண்டு பல்பை அணைச்சாங்க. மூணு மணிக்கு உள் ரூம்ல போய்ப் படுத்துக்கிட்டாங்க. எனக்குத் தூக்கம் வரல.

நவம்பர் 18, திங்கள்

பேசல.

நவம்பர் 19, செவ்வாய்

பேசல. சாம்பார்ல உப்பு போட மறந்துட்டேன். அதைக்கூடச் சொல்லாம சாப்பிட்டு எழுந்திருச்சாங்க.

நவம்பர் 20, புதன்

பெண்கள் சங்கத்து ஹாலுக்குப் போயிருந்தேன். அலமாரியில கரப்பான் வருதுன்னு சொன்னாங்க, மருந்து போடலாம்னுதான்.

சாவி ரெஜினா மதினிகிட்ட இருக்கும், இவங்களோட அக்கா. "கரப்பானுக்கு மருந்து போட ஒரு மணி நேரமா?"ன்னு கேட்டாங்க. "பெரிய அலமாரி மதினி"ன்னு சொன்னேன். "உள்ள ஹார்மோனியம் சத்தம் கேட்டுச்சே." "எலி ஓடியிருக்கும்." மதினி என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. அவங்க வாயில ஒண்ணும் நிக்காது. கடவுள்தான் காப்பாத்தணும்.

எனக்கு ஹார்மோனியம் கொஞ்சம் வரும். சங்கத்துல கீர்த்தனைக்கு நான்தான் வாசிப்பேன். வலது கை ஒற்றை ராகமா வாசிக்கும், இடது கை துருத்தியில காத்து அடிக்கும். ரெண்டு கையாலயும் வாசிக்கிற வேலையெல்லாம் நமக்கு ஆகாது.

நவம்பர் 22, வெள்ளி

மறுபடியும் கரப்பான்.

ஒரு விஷயம் எனக்கே ஆச்சரியமா இருக்கு. அந்த மூணு மணிப் பாட்டை நான் ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்டதில்லன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். தலையணையைக் காதுமேல வச்சுக்கிட்டுதானே படுத்திருப்பேன்! இன்னைக்கு ஒரு பழைய காலண்டர் தாளோட பின்பக்கத்துல டோ, ரேன்னு எழுத ஆரம்பிச்சா நிக்காம வருது. எங்கன ஏறும், எங்கன தயங்கி நிக்கும், எங்கன அழப்போற மாதிரி வந்து அழாமப் போயிடும், எல்லாம் வருது. எழுதி முடிச்சுட்டுப் பார்த்தா தாள் நிறைஞ்சு போச்சு. ஹார்மோனியத்து முன்னாடி உக்காந்து அழுதேன். மதினி கதவைத் தட்டினதும் மூக்கைச் சிந்திட்டு மருந்து நெடின்னு சொன்னேன்.

நடுவுல ஒரு இடம் மட்டும் பிடிபடல. அங்க சுதி மாறி டோ இடம் மாறுது. பழைய டோவை விட்டுப் புது டோவுக்குத் தாவுற அந்த ஒரு சுரத்துல விரல் ஒவ்வொரு தடவையும் தப்பான கட்டையில போய் விழுது.

நவம்பர் 24, ஞாயிறு

இவங்களோட கடைசி ஆராதனை. பட்டையைக் கட்டிக்கிட்டே ஆர்கன் வாசிச்சாங்க. கீர்த்தனைக்கும் ஞானப்பாட்டுக்கும் கட்டைவிரல் அவ்வளவா வேண்டாம். முடிஞ்சதும் ஆர்கனைப் பூட்டி, சாவியை இம்மானுவேல் கையில கொடுத்து அவன் தோள்ல தட்டிட்டு வந்துட்டாங்க. அந்தப் பையன்தான் அழுதான்.

மூணு மணிக்கு வீடு அப்படியே இருந்துச்சு. பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவுல ஒரு ஐஸ் வண்டி மணி, அவ்வளவுதான். எத்தனை ஞாயித்துக்கிழமை "கொஞ்சம் சும்மா இருங்களேன்"னு கேட்டிருப்பேன்! கேட்டது கிடைச்சிருச்சு. என்னால தாங்க முடியல.

நவம்பர் 27, புதன்

பேச்சு கொஞ்சம் திரும்பியிருக்கு. "தண்ணி", "சாவி எங்க", "போன் அடிக்குது". வலிக்குதான்னு கேட்டேன். "பரவாயில்ல"ன்னாங்க.

ராத்திரி சாப்பாட்டுக்கு அடை. கரப்பான் இன்னும் சாகல.

டிசம்பர் 1, ஞாயிறு

எழுதுறதுக்குக் கை பரபரங்குது. வரிசையா எழுதுறேன்.

சாப்பிட்டதும் இவங்க சாய்வு நாற்காலியில பேப்பரோட உக்காந்தாங்க. நான் பாத்திரத்தைப் போட்டது போட்டபடி விட்டுட்டு, மூணு அடிக்கக் காத்திருந்து, பியானோ மூடியைத் திறந்தேன். முதல்ல குனிஞ்சு பல்பைப் போட்டேன். எனக்குப் படபடன்னு வந்துச்சு. பொண்ணு பார்க்க வந்தன்னைக்குக்கூட இப்படி இல்ல.

வலது கையால ராகத்தை வாசிச்சேன். மெதுவாத்தான். ரெண்டு வரி போனதும் பேப்பர் சத்தம் நின்னுடுச்சு.

"ஏட்டி. என்ன செய்யுத?"

நான் திரும்பல. திரும்பினா மறந்துடும்.

"இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"யார் சொல்லிக் கொடுக்கணும்? வாரா வாரம் என்னைத் தூங்கவிடாம அடிச்சியளே, அதுதான் சொல்லிக் கொடுத்துச்சு."

எழுந்திருச்சு வந்தாங்க. பின்னாடி நின்னு கொஞ்ச நேரம் கேட்டாங்க. அப்புறம், "அந்த இடது கை என்ன செய்யுது?"ன்னாங்க. அப்போதான் பார்த்தேன். என் இடது கை அந்தரத்துல போயிட்டுப் போயிட்டு வருது, துருத்தி அடிக்கிற மாதிரி. காத்து போகலைன்னா சத்தம் நின்னுடும்னு அதுக்குப் பழக்கம். எனக்கு வெக்கமாப் போச்சு. "அதுக்கு யார் சொல்லியும் கேக்காது"ன்னேன்.

என்னை இடது பக்கமா நகரச் சொல்லிட்டுப் பக்கத்துல உக்காந்தாங்க. பட்டையை அவுக்கல. "நீ பாட்டை எடு. கட்டைவிரல் வேலை அது ஒண்ணுதான். மத்ததுக்கு எனக்கு எட்டு விரல் இருக்கு." அவங்க இடது கைக்கு மேல என் வலது கையை நீட்டி ராகத்தை வாசிச்சேன். அவங்க சுத்தி வர்றதை ஆரம்பிச்சாங்க.

ஐயோ, அந்தச் சத்தம்! ரெண்டு லாரி மோதின மாதிரி. பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது.

விஷயம் என்னன்னா, சோல்ஃபாவுல டோவை எங்க வேணும்னாலும் வச்சுக்கலாம். நாங்க பாடுறவங்க தொண்டைக்குத் தக்கன வைப்போம். நான் எனக்கு வசதியா வெள்ளைக் கட்டையில வச்சு, அந்த டோவுலேருந்தே முழுப் பாட்டையும் பாடம் பண்ணியிருக்கேன். லிஸ்ட் அவரோட டோவை ஒரு கறுப்புக் கட்டையில வச்சிருக்காரு. பத்து நாளா கரப்பான் பேரைச் சொல்லி, வேற சுதியில அந்தப் பாட்டை உருப்போட்டிருக்கேன்.

இவங்க சிரிக்க ஆரம்பிச்சாங்க. நின்னு நின்னு சிரிச்சாங்க, கண்ணுல தண்ணி வந்துச்சு. "லிஸ்ட்டுக்கு ஒரு டோ, எம் பொண்டாட்டிக்கு ஒரு டோ!"

எனக்கு வந்ததே கோவம். "சிரிச்சது போதும். போங்க. தெரியாமச் செஞ்சுட்டேன். இனிமே கறுப்புக் கட்டையில மாத்திப் பழகுறதுக்குள்ள டிசம்பர் ஏழு வந்துடும்." எழுந்திரிக்கப் போனேன்.

கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. "நீ ஏன் மாத்தணும்? ஐயர் தொண்டை கட்டிக்கிட்டு வந்தா நான் கீழ வாசிக்கலையா? உங்க சங்கம் கீர்த்தனையை உச்சாணியில எடுத்தா மேல வாசிக்கலையா? முப்பத்தோரு வருஷமா எனக்கு அதுதான வேலை. நான் உன் டோவுக்கு வாரேன்."

"லிஸ்ட்டுக்கு அடுக்குமா?"

"அவர் வந்து கேக்கவா போறாரு?"

"பக்கம் யார் திருப்புவா?"

"என்னத்தத் திருப்ப? உன் டோவுல இதை எவனும் அச்சடிக்கலையே."

சாயங்காலம் வரைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கல. பாத்திரத்துல ஈ மொய்ச்சுக் கிடந்துச்சு.

டிசம்பர் 3, செவ்வாய்

இம்மானுவேலுக்குப் போன் பண்ணினேன். "சார் வாசிக்காங்க. எழுதிக்கோ."

"நீங்கதான ஆன்ட்டி வேண்டாம்னிய?"

"நான்தான். இப்போ வேணும்னும் நான்தான் சொல்லுதேன்."

பாதி சரியா வருது. அந்தத் தாவுற சுரம் வரவே மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் அங்கன வந்து நான் நிக்கிறேன், இல்ல தப்பா அடிக்கிறேன். எனக்கு ஆத்திரமா வருது. இவங்க, "அந்த ஒரு சுரத்தை நான் எடுத்துக்கிடுதேன். ஒண்ணுக்கு என் கட்டைவிரல் தாங்கும். நீ அங்கன சும்மா இரு, அடுத்ததுல சேர்ந்துக்கோ"ன்னு சொல்லிட்டாங்க. அப்படி வாசிச்சா சரியா வருது. அந்த இடம் வரும்போது மட்டும் பல்லைக் கடிச்சுக்கிறாங்க, நான் பார்க்காத மாதிரி இருந்துக்கிறேன்.

டிசம்பர் 5, வியாழன்

இடது கைக்கு வழி பிறந்துச்சு. பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தேன், சேலையைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தேன், அது நிக்கல. "என் முதுகுல வை"ன்னாங்க. வச்சேன். அங்கயும் காத்து அடிக்குது, ஆனா ராகம் தடுமாறல.

"கோயில்ல எல்லாரும் பார்ப்பாங்க"ன்னேன்.

"பார்க்கட்டும். கல்யாணம் அங்கதான நடந்துச்சு."

எந்தச் சேலை கட்டுறதுன்னு தெரியல. மாம்பழக் கலர் இருக்கு. ரொம்பப் பளிச்சுன்னு இருக்குமோ?

டிசம்பர் 7, சனி

முடிஞ்சுது. நாளைக்கு எழுதுறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மதியச் சமையலுக்கு முன்னாடி எழுதிடுறேன்.

நேத்து கோயில் நிறைஞ்சிருந்துச்சு. ரெஜினா மதினி முன் வரிசையில. முதல்ல பாடகர் குழு நாலு பாட்டு, நானும் ஆல்டோவுல நின்னு பாடினேன். அப்புறம் ஐயர் நாலு வார்த்தை. மாலை. இம்மானுவேல் மைக்கைப் பிடிச்சு, "இப்போ நம்ம சார் தனியா..."ன்னு ஆரம்பிச்சு, நான் வரிசையை விட்டு நடந்து போறதைப் பார்த்துட்டு அப்படியே நிறுத்திட்டான். எல்லாரும் நான் பக்கம் திருப்பத்தான் போறேன்னு நினைச்சிருப்பாங்க. பியானோமேல புத்தகமே இல்ல. அவங்க பக்கத்துல உக்காந்தேன். முதுகுல கையை வச்சேன். பின்னாடி யாரோ "ம்ம்"னு இருமினாங்க. ரெஜினா மதினியாத்தான் இருக்கும்.

தொடங்கினோம். முதல் வரியில என் சுரம் கொஞ்சம் சத்தமா விழுந்துடுச்சு. அப்புறம் சரியாச்சு. அவங்க விரல் மேலயும் கீழயும் ஓட, நடுவுல நான். ஆல்டோக்காரி நான்தான் அத்தனை பேருக்கும் முன்னாடி ராகத்தை எடுத்துக்கிட்டுப் போறேன்னு நினைச்சதும் தொண்டை அடைச்சுது. பாடுறதா இருந்தா நின்னு போயிருக்கும். நல்லவேளை, விரலுக்குத் தொண்டை இல்ல.

பின் வரிசையில பெஞ்சு இழுபடுற சத்தம் கேட்டுச்சு. ஒரு ஆள் எழுந்திருச்சு எட்டிப் பார்த்தார். அப்புறம் இன்னும் ரெண்டு பேர். என் பக்கத்துல இவங்க உதட்டோரமாச் சிரிக்கிறது எனக்குத் தெரிஞ்சுது.

அந்த இடம் வந்துச்சு. டோ மாறுற இடம். நான் கையைத் தூக்கிக்கிட்டு அவங்க கட்டைவிரலுக்காகக் காத்திருந்தேன்.

வரல.

அவங்க விரல் மத்ததையெல்லாம் வாசிச்சுக்கிட்டேதான் இருக்கு. கட்டைவிரல் பட்டைக்குள்ள அப்படியே இருக்கு. ராகம் இல்லாம பாட்டு காத்துக்கிட்டு நிக்குது. நான் அவங்க முகத்தைப் பார்த்தேன், கண்ணை மூடியிருந்தாங்க. வலிச்சிருச்சு போலன்னு நினைச்சேன். யோசிக்க நேரமில்ல. கை தானா இறங்குச்சு. கறுப்புக் கட்டை. சரியான கட்டை! பதினஞ்சு நாளா பிடிபடாத சுரம், அங்கன, அத்தனை பேர் முன்னாடி. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. இடது கை அவங்க முதுகுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம், மதினி சொன்னாங்க. "என் தம்பியை நீ தூங்க வைக்கியோன்னு நினைச்சேன்"னு சொல்லிட்டு என்னைக் கட்டிக்கிட்டாங்க. எலியைப் பத்தி ஒண்ணும் கேக்கல.

சபை கைதட்டுச்சு. நான் தட்டல. எனக்குக் கையே தூக்கல.

வீட்டுக்கு வந்து பட்டையை அவுத்து எண்ணெய் தடவிவிட்டேன். "ரொம்ப வலிச்சுதோ?"

"எப்போ?"

"அந்தச் சுரத்துல. நான் எடுத்துக்கிடுதேன்னு சொல்லிட்டு எடுக்கலையே. உயிர் போயி உயிர் வந்துச்சு எனக்கு."

கையை என் கையிலயே விட்டிருந்தாங்க.

"வலிக்கல. மறந்துட்டேன்."

"மறந்துட்டியளா? உங்களுக்கா?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்ட்டி. நாப்பது வருஷமா அதை வாசிக்கேன். என் விரல்ல இருக்கும்போது அடுத்தது எங்க, அடுத்தது எங்கன்னு அதுலயே போயிரும். நேத்துவரைக்கும் பயிற்சியிலகூட உனக்குத் தப்பிடக் கூடாதுங்கிற நினைப்புதான். இன்னைக்குத்தான் உக்காந்து கேட்டேன். இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது."

எண்ணெய்ப் பாட்டிலை மூடி வச்சேன்.

பிற்பகல். சமையல் முடிஞ்சு சாப்பிட்டாச்சு. மழை விட்டிருக்கு, உளுந்தை மாடியில போட்டிருக்கேன். கொஞ்சம் கண்ணசரலாம்னு டைரியை எடுத்துக்கிட்டு இப்போதான் படுத்தேன். ஹால்ல மூடி திறக்கிற சத்தம் கேக்குது.

"ஏட்டி, மணி மூணாச்சு. கேக்கணும் எனக்கு. வா."

மனுஷியைத் தூங்கவே விட மாட்டாங்க. போறேன்.